அலையைப் பிடிக்க அரை விநாடி!

கைக்குள் கேமரா – 17

உங்கள் போனில் கேலரியைத் திறந்து, கடைசியாகக் கடற்கரைக்குப் போனபோது எடுத்த படங்களைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் மகள், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்ட அப்பா, 'போதும் வாங்க, டிரெஸ் நனையுது' என்று பதறும் அம்மா... எல்லோரும் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் அலை! நேரில் ஆளுயரத்துக்கு எழும்பி, 'ஹோ'வென்று வந்து விழுந்த அதே அலை. படத்தில் மட்டும் யாரோ சுண்ணாம்பில் இழுத்த கோடு மாதிரி சுருங்கிப் போயிருக்கும்.

'நம்ம போன் சரியில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தப்பு போனில் இல்லை. அலையைப் படம் எடுக்கும் முன்பு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் போட்டோகிராபர் அல்ல. முட்டத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர்.

"கடலு எங்க மக்ளே?"

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரில் போகாதவர்கள்கூட 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்திருப்பீர்கள். கறுத்த பெரிய பாறைகள், மேலே கலங்கரை விளக்கம், கீழே ஓயாமல் மோதும் அலைகள். கேமரா வைத்திருப்பவர்களுக்கு அது திருவிழா மாதிரியான இடம்.

ஒரு மாலை ஐந்து மணிக்கு அங்கே டிரைபாடை நட்டு, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரியான ஃபில்டரை மாட்டி, 15 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தேன். பாறைகளைச் சுற்றி வெண்புகை தவழ்வது போல வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் வந்து நின்ற பெரியவரிடம் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கடலு எங்க மக்ளே? அலையக் காணல்லியே. பனி எறங்குன வயல் கணக்கால்லா இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "பேரன் துபாய்ல நிக்கான். ஊருக்கு வந்து மூணு வருசம் ஆவுது. நம்ம கடலப் போட்டோ புடிச்சு அனுப்புங்க தாத்தான்னு கேட்டான். எனக்கு இந்த போன்ல ஒண்ணும் ஒழுங்கா வரல்ல. நீ ஒண்ணு எடுத்துத் தாயேன். ஆனா, பாத்த ஒடனே இது நம்ம கடலுன்னு அவனுக்குத் தெரியணும்."

அப்போதுதான் உறைத்தது. நான் ஃபில்டரைப் பற்றி யோசித்தேன், விநாடியைப் பற்றி யோசித்தேன். இந்த அலையில் எதைக் காட்டப் போகிறேன் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. அதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால், எந்த ஷட்டர் ஸ்பீட் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அலை எவ்வளவு தூரம் ஓடும்?

ஷட்டர் ஸ்பீட் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான். அந்த நேரத்துக்குள் எதிரே எது நகர்ந்தாலும், நகர்ந்த தூரம் முழுவதும் படத்தில் இழுபடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இடுப்பளவு ஆழம், அதாவது சுமார் ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீரில், அலை விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் கரைக்கு வரும். நாம் மெதுவாக ஓடுகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் கண் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 1/1000 விநாடி திறந்தால், அலை நகர்வது வெறும் 3 மில்லிமீட்டர். படத்தில் அப்படியே உறைந்து நிற்கும்.

1/30 விநாடி என்றால் 10 சென்டிமீட்டர். இங்கேதான் சிக்கல். அலை உறையவும் இல்லை, அழகாக இழுபடவும் இல்லை. கை ஆடிப் போய் எடுத்த படம் மாதிரி இருக்கும். வெளிச்சம் குறைந்த பிறகு போன் தானாகவே இந்த வேகத்துக்கு இறங்கிவிடும். உங்கள் சாயங்காலப் படங்கள் பல சொதப்புவதற்குக் காரணம் இதுதான்.

அரை விநாடி என்றால் ஒன்றரை மீட்டர். நுரையெல்லாம் கோடு கோடாக இழுபட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

15 விநாடி என்றால்? அந்த அலை வந்து, உடைந்து, திரும்பிப் போய், அடுத்த அலையும் வந்திருக்கும். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து பனியாகிவிடும். பெரியவர் பார்த்தது அதைத்தான்.

ஆக, ஆக்ரோஷத்தைக் காட்ட வேண்டுமா, ஓட்டத்தைக் காட்ட வேண்டுமா, அமைதியைக் காட்ட வேண்டுமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். மூன்றுக்கும் மூன்று வழி.

ஆக்ரோஷம்: 1/1000 அல்லது அதற்கும் வேகமாக

பாறையில் மோதிச் சிதறும் அலைக்கு 1/1000. துளித்துளியாகத் தெறிப்பது தெரிய வேண்டும் என்றால் 1/2000. தெறிக்கும் துளிகள் அலையைவிட வேகமாகப் பறக்கும், அதனால்தான். குழந்தைகள் அலையில் குதித்து விளையாடுவதற்கும் இதே 1/1000 நல்லது. 1/500-க்குக் கீழே போக வேண்டாம்.

போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பெரும்பாலான போன்களின் முக்கிய கேமராவில் லென்ஸ் துவாரம் பெரியது, அதைச் சுருக்கவும் முடியாது. அதனால் நல்ல வெயிலில் போன் தானாகவே 1/2000-க்கும் மேலான வேகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். சரியான நொடியில் அழுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை.

அந்த நொடியைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதமாகிவிடும். அதற்குத்தான் பர்ஸ்ட் இருக்கிறது. பல போன்களில் ஷட்டர் பட்டனை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் படபடவென்று வரிசையாகப் படம் எடுக்கும். அலை பாறையைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஆரம்பித்து, சிதறி விழும் வரை விடாதீர்கள். இருபதில் ஒன்று தேறும். மிச்சத்தை மறக்காமல் டெலிட் செய்துவிடுங்கள், 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் அழும்!

வெயில் குறைந்த நேரம் என்றால் புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/1000-ல் வையுங்கள். படம் இருட்டாகத் தெரிந்தால் ஐ.எஸ்.ஓ-வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பொரிப்பொரியாகப் புள்ளி விழுகிறது என்றால் ஐ.எஸ்.ஓ அதிகமாகிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. நின்றபடி எடுத்தால் எந்த அலையும் குட்டையாகத்தான் தெரியும். வறண்ட மணலில் உட்கார்ந்து எடுங்கள். அலையின் தலை தொடுவானத்துக்கு மேலே எழும்பினால், நேரில் பார்த்த உயரம் படத்திலும் கிடைக்கும். வெள்ளைக் கோட்டுப் பிரச்னைக்கு இதுவே பாதி மருந்து.

ஓட்டம்: கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அலை வரும்போது எடுக்காமல், உடைந்து திரும்பிப் போகும்போது எடுக்க வேண்டும். நுரை பின்வாங்கும்போது பாறையைச் சுற்றியும் மணல் மேலும் வெள்ளை இழைகளாகக் கோடு போடும். அரை விநாடியில் ஆரம்பியுங்கள். கோடு போதவில்லை என்றால் ஒரு விநாடி, குழம்பினால் கால் விநாடி.

இதைப் பட்டப்பகலில் எடுக்க முயன்றால் படம் வெளேரென்று வெந்துவிடும். உச்சி வெயிலில் போனுக்குத் தேவையான வெளிச்சத்தைவிட, அரை விநாடியில் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் உள்ளே வரும். சூரியன் மறைந்து கால் மணி நேரம் பொறுங்கள். அதன் பிறகு புரோ மோடில் ஐ.எஸ்.ஓ-வை ஆகக் குறைவாக வைத்து, ஷட்டரை கால் விநாடி, அரை விநாடி என்று இறக்கிப் பாருங்கள். எல்லோரும் 'சூரியன்தான் போயிடுச்சே' என்று மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. அலை போட்டோவுக்கு அப்போதுதான் கடை திறக்கிறது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 'லைவ் போட்டோ'வை ஆன் செய்து, கை ஆடாமல் எடுங்கள். பிறகு அந்தப் படத்தைத் திறந்து, மேலே 'லைவ்' என்று இருக்கும் இடத்தைத் தொட்டு, 'லாங் எக்ஸ்போஷர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்னும் பின்னும் ஒன்றரை ஒன்றரை விநாடி பதிவானதையெல்லாம் போன் ஒன்றாகக் கலந்து, தண்ணீரை இழைத்துக் கொடுத்துவிடும். இதைப் பகலிலும் செய்யலாம். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் 'லாங் எக்ஸ்போஷர்' என்றே தனி மோட் இருக்கிறது. உங்கள் போனில் தேடிப் பாருங்கள்.

அமைதி: 5 விநாடி முதல் 30 விநாடி வரை

என் பனி வயல் படத்தைப் பெரியவர் நிராகரித்துவிட்டார் என்பதற்காக இந்த வழியே தப்பு என்று நினைக்காதீர்கள். அதிகாலையில் ஆளில்லாத கரை, ஒற்றைப் பாறை, கடலுக்குள் நீளும் பழைய பாலம்... இவற்றுக்கு இது பொருந்தும். அசையாத ஒன்று படத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

அரை விநாடிக்கே கை தாங்காது என்னும்போது, இதற்கு டிரைபாட் கட்டாயம். இல்லையென்றால் மணலை ஒரு துணிப்பையில் நிரப்பி, வறண்ட பாறையின் மேல் வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்துங்கள். பட்டனை விரலால் தொட்டாலே ஆடும். 3 விநாடி டைமர் வைத்துவிடுங்கள். டிரைபாட் வைத்திருப்பவர்கள் கால்களை ஈர மணலில் அழுத்தி ஊன்றுங்கள். ஓர் அலை வந்து போனால் அடியில் மண் அரித்து, மொத்தமும் மெல்லச் சாயும்.

பெரிய கேமரா வைத்திருக்கிறீர்களா?

டி.எஸ்.எல்.ஆர், மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு, நான் அன்று முட்டத்தில் வைத்த அளவுகளையே சொல்கிறேன்.

மாலை 5 மணி, உறைந்த அலைக்கு: 1/1000, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ 200.

சூரியன் மறைந்த சற்று நேரத்தில், ஓடும் தண்ணீருக்கு: அரை விநாடி, எஃப் 11, ஐ.எஸ்.ஓ 100.

பகலிலேயே மெதுவான ஷட்டர் வேண்டும் என்றால் என்.டி. ஃபில்டர் தேவை. அது கேமராவுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ். என்.டி. 64 என்று எழுதியிருந்தால் வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/100-க்குப் பக்கத்தில் வரும். அந்த ஃபில்டரை மாட்டினால் அது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும். என்.டி. 1000 மாட்டினால் சுமார் 10 விநாடி.

நுரையை வேகவிடாதீர்கள்

எந்த வழியில் எடுத்தாலும், வெயிலில் நுரையின் வெண்மை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன் ஸ்கிரீனில் நுரை மேல் விரல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் படம் போல ஒரு குறி வரும். அதைக் கீழே இழுங்கள். நுரைக்குள் சின்னச் சின்னக் குமிழ்களும் நிழல்களும் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். படம் லேசாக இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு எடிட்டில் ஏற்றலாம். வெளேரென்று போன நுரையை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

இது புதுத் தலைவலியும் இல்லை. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற போட்டோகிராபர் கடலைப் படம் எடுக்கப் பெரும்பாடு பட்டார். கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும், வானம் சரியாக வந்தால் கடல் கறுத்துவிடும். கடைசியில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். 1857-ல் செட் என்ற துறைமுக ஊரில் அவர் எடுத்த பேரலைப் படம் இன்றைக்கும் பேசப்படுகிறது. இன்று உங்கள் போனில் ஹெச்.டி.ஆர் செய்வதும் கிட்டத்தட்ட அதே ஒட்டுவேலைதான், கண்ணிமைக்கும் நேரத்தில்!

ஈரப் பாறையில் கால் வைக்காதீர்கள்

இப்போது சொல்லப் போவது செட்டிங்ஸைவிட முக்கியமானது.

அன்று நல்ல கோணம் கிடைக்கும் என்று கீழே இருந்த ஒரு பாறைக்கு இறங்கப் போனேன். பெரியவர் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "அங்க கால வைக்காத. நனைஞ்சு கெடக்கு பாரு. கடலு அங்க வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். இன்னும் வரும்" என்றார்.

பத்து நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னார். நின்றேன். சின்னச் சின்ன அலைகளாக வந்துகொண்டிருந்தன. 'இவ்வளவுதானே' என்று நினைத்தபோது, அடுத்தடுத்துப் பெரிய அலைகள் வந்து, நான் நிற்கப் போன பாறையை முழுதாக மூழ்கடித்துவிட்டுத் திரும்பின. "பெரிய அலைக இப்படித்தான் வரிசையா வரும். அது கழிஞ்சாதான் ஓய்வு. அந்த நேரம் பாத்துதான் நாங்க வள்ளத்தத் தள்ளுவோம்" என்றார். மீனவர்கள் ஓய்வுக்காகக் காத்திருக்கிறார்கள். படம் எடுக்கும் நாம் பெரிய அலை வரிசைக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்குமே முதல் வேலை, கரையில் நின்று கடலைப் படிப்பதுதான்.

இதே கன்னியாகுமரி மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். 'கள்ளக்கடல்' பற்றி எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் காற்றால் எழும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திருடன் மாதிரி ஏறி வரும். அதனால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடற்கரை வேண்டாம்.

கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். ஒருவர் படம் எடுத்தால் இன்னொருவர் கடலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குழந்தைகளை 'இன்னும் ரெண்டு அடி பின்னாடி போ' என்று சொல்லவே சொல்லாதீர்கள். நெருக்கமாக வேண்டும் என்றால் ஜூம் இருக்கிறது, இல்லாவிட்டால் கிராப் செய்துகொள்ளலாம்.

போனுக்கும் ஒரு வார்த்தை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற சோதனை பெரும்பாலும் நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்புத் தண்ணீருக்கு அதை நம்ப வேண்டாம். லென்ஸில் உப்புச் சாரல் படிந்தால் படம் மங்கலாகும். சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

துபாய்க்குப் போன அலை

அன்று இருட்டும்போது என்னிடம் மூன்று படங்கள் இருந்தன. 15 விநாடிப் பனி வயல். 1/1000-ல் பாறை உயரத்துக்கு எழும்பி, துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும் அலை. சூரியன் போன பிறகு, அரை விநாடியில், கரையில் கிடந்த வள்ளத்துக்கு முன்னால் தண்ணீர் திரும்பிப் போவது.

இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இது நல்லாருக்கு, பத்திரிகையில போடலாம்" என்று சொல்லிவிட்டு நகர்த்தினார். மூன்றாவதில் நின்றார். வெகுநேரம் பார்த்தார். "இதுலதான் தண்ணி மண்ண அரிச்சிட்டுப் போறது தெரியுது. கால்ல பட்ட மாதிரி இருக்கு. இத அனுப்பு" என்றார்.

கேமராவிலிருந்து என் போனுக்கு, என் போனிலிருந்து அவர் போனுக்கு, அங்கிருந்து துபாய்க்கு. நான் டிரைபாடை மடித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. வாய்ஸ் மெசேஜ். ஸ்பீக்கரில் போட்டார். "தாத்தா, இது நம்ம வள்ளம் கெடக்க எடந்தானே? தண்ணி ரொம்ப ஏறி வந்திருக்கே, வள்ளத்த இன்னும் மேல இழுத்துப் போடச் சொல்லுங்க!"

பெரியவர் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு எழுந்து, ஆட்களைக் கூப்பிட்டு, வள்ளத்தை இழுத்து மேலே போடப் போனார். நானும் ஒரு கை கொடுத்தேன்.

இந்த வாரப் பயிற்சி

கடல் பக்கத்தில் இருப்பவர்கள், ஒரே இடத்தில் நின்று ஒரே அலைவாயை 1/1000, 1/30, அரை விநாடி என மூன்று விதமாக எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் தூரம் என்பவர்களுக்குக் கவலை வேண்டாம். வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, கீழே ஒரு பக்கெட்டை வைத்து, இதையே செய்து பார்க்கலாம். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

அடுத்த வாரம், இரவில் திருவிழா விளக்குகளைப் படம் எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.